தொலைநகல் கட்டம்

...இல்ல தங்கச்சி, நான் தெரியாமத்தான் கேக்கிறன். சும்மா கிடைச்சத இறக்கிப் போட்டுப் பாவிச்சதுக்குப் பேர் புத்தாக்கமோ? உங்கட பல்கலைக்கழகத்துக் கனகரத்தினம் சேர் போன வருசம் இதே கதிரையில இருந்துதான் சொன்னவர். 'சுலோஜனா, உங்கட படகுச் சங்கம் திறந்த மூலப் புத்தாக்கத்துக்கு ஒரு முன்மாதிரி' எண்டு. முன்மாதிரியாம்! மென்பொருள் வாங்க வழியில்லாம, ஓப்பன் சோர்ஸ் எண்டு ஊருலகத்துக்கெல்லாம் சும்மா குடுக்கிறத நாங்களும் எடுத்தம். ஆருக்கு எத்தினை கட்டி ஐஸ், எத்தினை லீட்டர் மண்ணெண்ணெய், ஆர் கயிறு வாங்கினது, ஆர் எஞ்சினுக்குப் பிளக் வாங்கினது... பதியிறதுக்கு ஒண்டு வேணும். அவ்வளவுதான் கதை. அதுக்கு ஒரு ஆராய்ச்சி. அதுக்கொரு கட்டுரை. இப்ப அந்தக் கட்டுரைக்கு மேல நீங்க வந்து இன்னொரு ஆராய்ச்சி!

இருங்கோ, போன் அடிச்சதோ? ...இல்ல. பக்கத்து ஐஸ் கொம்பனிக்காரன்ட.

கேள்விக்கொத்த உள்ள வையுங்கோ சுஹைரா. பிறகு எல்லாத்துக்கும் மறுமொழி சொல்லுறன். முதல்ல லப்டொப்பைத் திறவுங்கோ. மணி நாலாகப் போகுது, ராத்திரி கடலுக்குப் போன எங்கட உறுப்பினர் பிரகலாதன் இன்னும் கரைக்கு வரேல்ல. காலம்பற எட்டுக்கு வந்திருக்க வேண்டிய ஆள். பத்துக்குப் பிறகு அடிக்கிற காத்தக் கேட்டனீங்கதானே, யன்னல் கதவு ரெண்டு தரம் அடிபட்டுது. அவர்ட போன் ஓஃப். தலைவர் முனாப் நானா மத்தியானம் இருந்து கரையில நிண்டு வாற போட் எல்லாத்தையும் மறிச்சுக் கேக்கிறார். ஒருத்தரும் காணேல்லயாம்.

நேவிக்குச் சொல்லுறதோ? அதத்தான் நானும் கேட்டனான். மீன்பிடிக் கந்தோரில சொல்லுறாங்கள், 'முதல்ல வீட்டுக்கு எடுத்துக் கேளுங்கோ' எண்டு. அவங்களிலயும் பிழை சொல்ல ஏலாது. போன மாரிக்கு ஒராளத் தேடி நேவி போட் ரெண்டு இருட்டும் வரைக்கும் சுத்தினது. ஆள் மூதூரில கலியாண வீட்டில புரியாணி சாப்பிட்டுக்கொண்டு இருந்தவர். எங்கட ஆக்களின்ட பழக்கம் அது. காத்து மாறினா எந்தக் கரை கிட்டவோ அங்க ஏறுவினம். ஏறினவுடன வீட்டில மனுசிக்குப் போன் எடுப்பினம். சங்கத்துக்கு எடுக்க மாட்டினம். சங்கமெண்டா என்ன, சுலோஜனா அக்காதானே! ஏசுவாள் எண்ட பயம். மெய்தான், ஏசுவன்.

அதாலதான் மனுசிமாரின்ட நம்பர் வேணும். விளங்குதோ? அந்தச் சொப்ட்வெயாரில ஒராளுக்கு ஒரு போன் கட்டம்தான் இருந்தது. அதில ஆம்பிளையின்ட நம்பரப் போட்டா, அந்தப் போன் அவரோட சேந்து கடலுக்குப் போயிடும். என்ன பிரயோசனம்? கீழ பாத்தன், 'தொலைநகல்' எண்டொரு கட்டம். பெக்ஸ்! இந்தத் துறைமுகத்தில எந்த மீன்காரன் பெக்ஸ் அனுப்புறான்? அந்தக் கட்டம் சும்மா கிடந்தது. அதுக்குள்ள எல்லாரின்ட மனுசிமாரின்ட நம்பரையும் போட்டன். மூண்டு வருசமாப் போட்டன். ஒருத்தரும் எனக்குச் சொல்லித் தரேல்ல. அதையெல்லோ உங்கட சேர் புத்தாக்கமெண்டு எழுதியிருக்க வேணும்! அதக் காணேல்ல. பக்கத்தில இருந்து தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு, கொம்பியூட்டருக்கு எத்தினை மணிக்கு மின்சாரம் போறது எண்டு குறிச்சவர்.

போன கிழமை புதுப் பதிப்பு வந்தது. முனாப் நானா சொன்னார், 'புதுசெண்டா நல்லதுதானே, போடு பிள்ளை.' போட்டன். இண்டைக்குக் காலமை பிரகலாதன்ட பேரைத் திறக்கிறன்... பெக்ஸ் கட்டத்தைக் காணேல்ல! அவருக்கு மட்டும் இல்ல, ஒருத்தருக்கும் இல்ல. கட்டத்தோட சேத்து நம்பரும் போயிட்டுது. பழைய பிரதி எடுத்து வச்சனீங்களோ எண்டு கேக்காதீங்கோ. காலமையில இருந்து அந்தக் கேள்விய நானே என்னைக் கேட்டு ஏசிக்கொண்டு இருக்கிறன். போன வருசம் உங்கட சேர் ஆராய்ச்சிக்கெண்டு கொண்டு போன பிரதி ஒண்டுதான் இப்ப மிச்சம்.

வீட்டுக்குப் போய்ப் பாக்கிறதோ? வீடு பூட்டு. அவர்ட மனுசி பிரியதர்சினி பிள்ளை பெறக் கிளிவெட்டிக்குத் தாய் வீட்ட போனது. பிறந்து இருபத்தெட்டு நாள் ஆகுது. கிளிவெட்டியில எந்த ஒழுங்கை, தகப்பன்ட பேர் என்ன, ஒருத்தருக்கும் தெரியாது. பச்சைப் பிள்ளையை மடியில வச்சுக்கொண்டு அது இப்ப என்ன நினைச்சுக்கொண்டு இருக்கோ... காளியம்மா! நான் கதைச்சுக்கொண்டே இருக்கிறன் எண்டு பாக்காதீங்கோ தங்கச்சி. வாய் நிண்டா எனக்கு அந்தக் காத்துச் சத்தம்தான் கேக்கும்.

திறந்திட்டுதோ? இதுதானோ சேர் கொண்டு போன பிரதி? இதென்ன... பேரெல்லாம் எங்க? உறுப்பினர் ஒண்டு, உறுப்பினர் ரெண்டு... அழிச்சிட்டீங்களோ? 'தனிநபர் இரகசியம்.' ஓ. பெரிய இரகசியம்தான். போன் நம்பரையும் அழிச்சாச்சு. நல்லது. வலு நல்லது. படிச்ச ஆக்கள் செய்தா எல்லாம் ஒழுங்காத்தான் செய்வினம்... நில்லுங்கோ. நில்லுங்கோ! அங்கால தள்ளுங்கோ. அந்தக் கடைசி வரிசை என்ன?

பெக்ஸ் அழிக்கேல்லயோ! ஏன்? ...'பெக்ஸ் எண்டா கொம்பனி விபரம், தனிநபர் விபரம் இல்ல.' ஹா! கோணேசப் பெருமானே! நாப்பத்தி மூண்டு மனுசிமாரின்ட நம்பர் உங்கட பல்கலைக்கழகத்தில வெளிச்சமாக் கிடக்குது, ஒரு பேராசிரியருக்கும் தெரியேல்ல. இண்டைக்கு மட்டும் உங்கட விசர்த்தனத்துக்குக் கும்பிடு போடுறன்.

ஆர் எந்த நம்பர் எண்டு தெரியாதெண்டோ? தள்ளுங்கோ, நான் பாக்கிறன். ஆர் என்ன வாங்கினது எண்டு இருக்குத்தானே, அது காணும். இந்தா, உறுப்பினர் ஏழு. வெள்ளிக்கிழமையில ஒரு நாளும் வாங்கேல்ல. பெருநாளோட ரெண்டு கிழமை ஒண்டுமே இல்ல. இது றிஸ்கான். பன்ரெண்டு, ஆறு கட்டி ஐஸ் எடுத்து நாலு கட்டியத் திருப்பிக் குடுக்கிற ஆள், அது சுகிர்தன், பெரிய மீன் பிடிக்கப் போறதா எல்லாருக்கும் சொல்லிப்போட்டுப் போறவர். பேரை அழிச்சா ஆளைத் தெரியாதாமே! நான் இவங்களுக்கு இருபது வருசமா பில் எழுதுறன் தங்கச்சி. இருபத்தொண்டு... இல்ல. இருபத்தாறு... இந்தா. இந்தா! மாசம் நாலு பிளக். பாருங்கோ, தையில நாலு, மாசியில நாலு, பங்குனியில அஞ்சு. மாசம் நாலு பிளக் மாத்துற எஞ்சின் இந்தக் கரையில ஒண்டுதான் இருக்கு. 'அந்த எஞ்சினை வித்துப்போட்டு வேற பாரடா' எண்டு நான் பிரகலாதனுக்குச் சொல்லாத நாளில்ல.

நீங்க அடியுங்கோ. நான் நம்பரை வாசிக்கிறன், அடிச்சுத் தாங்கோ.

...ஹலோ? ஹலோ, பிரியதர்சினியோ? நான் சங்கத்தில இருந்து சுலோஜனா அக்கா. ஒண்டுமில்லப் பிள்ளை, பயப்பிடாதீங்கோ, சும்மாதான்... பிள்ளை அழுகுது போல? பால் குடுத்துட்டுக் கதையுங்கோ... இல்ல, இல்ல, வைக்காதீங்கோ! அவர்... அவர் எடுத்தவரோ? ...எப்ப? ...மத்தியானமோ! ...ஆரின்ட போனில? ...ஓம். ...ஓம். ...மூதூரிலயோ. எஞ்சின் நிண்டு இழுத்துக்கொண்டு போய் விட்டவங்களோ. போன் நனைஞ்சு போச்சோ. ...சாப்பிட்டவரோ? ...சரி. சரியம்மா. பிள்ளைக்கு என்ன பேர் வச்சனீங்க? ...வடிவான பேர். வையுங்கோ.

சாப்பிட்டவராம்! றால் கறியோட! இஞ்ச முனாப் நானா வெறும் வயித்தோட காத்துக்குள்ள நிக்கிறார். வரட்டும். வரட்டும் அவன்! இருங்கோ, முனாப் நானாவுக்கும் கந்தோருக்கும் சொல்லிப்போட்டு வாறன்...

...சொல்லியாச்சு. தண்ணி குடியுங்கோ. நீங்களும் வெளிறித்தான் போனீங்க.

இப்ப கேளுங்கோ உங்கட கேள்விய. என்னெண்டு? அந்தக் கட்டத்தை ஏன் எடுத்தவங்கள் எண்டோ? அதுவும் நல்ல கேள்விதான். புதுப் பதிப்போட வந்த குறிப்ப வாசிச்சனான். எங்கயோ வெளிநாட்டில இருந்து இதைச் செய்யிற ஆக்கள் எழுதியிருக்கினம், 'பாவனையில் இல்லை, நீக்கப்பட்டது' எண்டு. கீழ ஆதாரம் போட்டிருக்கு. என்ன ஆதாரம்? உங்கட சேர்ட கட்டுரை! திருகோணமலையில ஒரு சங்கம், நாப்பத்தி மூண்டு உறுப்பினர், தொலைநகல் பாவிக்கிறீங்களோ எண்ட கேள்விக்கு நாப்பத்தி மூண்டு பேரும் 'ஒருபோதும் இல்லை.' நூற்றுக்கு நூறு! நூற்றுக்கு நூறு ஒரு மறுமொழி வந்தா ஒரு படிச்ச மனுசனுக்குச் சந்தேகம் வர வேண்டாமோ? இந்தக் கரையில நாப்பத்தி மூண்டு பேர் எப்பயாவது ஒரு கதைக்கு ஒத்து வந்திருக்கிறாங்களோ?

...என்ன அப்பிடிப் பாக்கிறீங்க?

...இல்லத் தங்கச்சி. கேளுங்கோ. சேர் படிவத்தைத் தந்துட்டு, ஒரு கிழமையில வேணுமெண்டு சொல்லிப்போட்டுப் போயிட்டார். ஒவ்வொண்டும் ஒன்பது பக்கம். 'தொழில் தகவல் முறைமையின் உணரப்பட்ட பயன்பாடு' எண்டெல்லாம் இருந்தது. அதைக் கொண்டு போய்க் கடலால வந்து நித்திரையில்லாம நிக்கிற மனுசனிட்ட நீட்டுறதோ? ஏசுவாங்கள். சேர் பாவம், கெஞ்சிக் கேட்டவர். எனக்கும் உறுப்பினர் எல்லாரையும் தெரியும்தானே. ரெண்டு பின்னேரம் இருந்து நானே எல்லாத்தையும் நிரப்பி... பேனை மாத்தி மாத்தி... நீலம், கறுப்பு... றிஸ்கானுக்கு இடக்கையால கூட எழுதினனான்.

பெக்ஸ் எண்டு கேட்டவுடன எனக்குச் சிரிப்பு வந்தது. பெக்ஸ் அனுப்புறவனோ இவன்! மூண்டு வருசமா நம்பர் போட்ட கட்டம் அதுதான் எண்டு அந்த நேரம் நினைவில வரேல்ல பாருங்கோ. புள்ளடியக் குத்திக் குத்திப் போட்டன், 'ஒருபோதும் இல்லை', 'ஒருபோதும் இல்லை' எண்டு.

...கோவிக்காதீங்கோ. உங்கட படிப்பும் அதுக்கு மேலதானே நிக்குது... எங்க எழும்புறீங்க? வெளியில இன்னும் காத்தடிக்குது. அந்தக் கேள்விக்கொத்தையெல்லாம் எதுக்கு வெளியில எடுக்கிறீங்க?

ஓ. கரைக்கோ. ஆக்களிட்டயே கேக்கப் போறீங்களோ.

நில்லுங்கோ தங்கச்சி, செருப்பைப் போட்டுக்கொண்டு நானும் வாறன். நீங்க தனியப் போய்க் கேட்டா, படிச்ச பிள்ளை கேக்குதே எண்டு அவங்கள் எல்லாத்துக்கும் ஓமெண்டு சொல்லிப் போடுவாங்கள்!