மாரியின் தோளுக்கு ஒரு வேண்டுதல்

“பந்தே வராத எடத்துல அந்த மாமா எதுக்கு நிக்கிறாரு அய்யா?”

என் மகள் துர்காதேவி ஐந்து வயதில் என்னிடம் இப்படிக் கேட்டாள். வாலிநோக்கத்தில் எங்கள் அணியின் ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. அவள் கைகாட்டிய இடத்தில், எல்லைக் கயிற்றை ஒட்டி, மாரிச்செல்வம் தனியாக நின்றிருந்தான். “எப்பவாச்சும் ஒண்ணு வரும்ல தாயி, அதுக்குத்தான்” என்றேன். அதே ஓவரில் வந்தது. ஓடிப்போய் எடுத்து எறிந்தான். பந்து தரையைத் தொடாமல் கீப்பரின் கைக்குள் போய் உட்கார்ந்தது. அவனைப் போல எறிகிற ஆள் இந்தக் கடற்கரையில் வேறு கிடையாது.

பூமிநாதன் சார், போட்டிக் கமிட்டியின் செயலாளராக நீங்கள் என்னிடம் ஒரே ஒரு விளக்கம்தான் கேட்டிருக்கிறீர்கள். மாரி உப்பளத்தில் விழுந்து தோள் போனது ஒரு வியாழக்கிழமை. அவன் தோள் கெட்டுவிட்டது என்ற செய்தி அதற்கு முந்தின வாரமே ஊரெல்லாம் பரவியது எப்படி? நியாயமான கேள்வி. எனக்கு மறைத்துப் பேசத் தெரியாது. எழுதியே தருகிறேன்.

நான் வாலிநோக்கம் அணியின் செயலாளர் என்பது உங்களுக்குத் தெரியும். செல்போன் கடை வைத்திருக்கிறேன். வெயில் காலத்தில் உப்பளத்தில் லோடு ஏற்றுகிறவர்களுக்குத் தினமும் நீர்மோர் கொண்டுபோவேன். அதை நான் பெரிதாகச் சொல்வதில்லை.

நம் போட்டியில் ஆட்டக்காரனுக்குப் பத்திரம் கிடையாது. அவரவர் சாமி முன்னால் சத்தியம் செய்தால் இரண்டு சீசன் அந்த ஊருக்கு ஆட வேண்டும். ஆனியில் சீசன் முடிகிறது. சத்தியம் தீர்ந்தவன் தை வரைக்கும் எந்த ஊரோடும் பேசலாம். அந்த மாதங்களில் ஆட்டம் இருக்காது, பேச்சு இருக்கும். போன ஆனியோடு மாரிக்கும் எங்கள் ஊர்ச் சத்தியம் தீர்ந்தது.

எங்கள் வாட்ஸ்அப் குழுவில் பிரபு என்று ஒரு பையன், இன்ஜினியரிங் முடித்துவிட்டு வேலை தேடுகிறான். அமெரிக்காவில் பேஸ்பால் என்று ஒரு ஆட்டமாம். எல்லையில் நிற்பவனுக்கு அங்கே அவுட்ஃபீல்டர் என்று பெயராம். ஒப்பந்தம் தீர்ந்துவிட்டால் ஃப்ரீ ஏஜென்ட். குளிர்காலம் முழுக்க அவன் எந்த அணிக்குப் போவான் என்பதே நாட்டுக்குப் பேச்சாம். அப்படி ஒருவனுக்குக் கொடுக்கிற சம்பளத்தில் ராமநாதபுரத்தையே வாங்கிவிடலாம் என்று எழுதினான். “பஸ் ஸ்டாண்டு சேத்தா, சேக்காமலா?” என்று ஒருவர் கேட்டார்.

அன்றிலிருந்து குழுவில் எல்லோரும் நிபுணர்கள். காரங்காட்டுக்காரர்கள் மாரியைக் கேட்கிறார்கள், பதிலுக்கு ஒரு விக்கெட் கீப்பரும் இரண்டு ஸ்பீக்கர் பெட்டியும் தருகிறார்கள் என்று ஒரு செய்தி வந்தது. ஸ்பீக்கர் பெட்டி நல்ல கம்பெனியா என்று பலர் விசாரித்தார்கள். மனிதனைச் சாமானோடு மாற்றுவது பாவம் என்று நான்தான் கண்டித்து எழுதினேன். நீங்கள் அந்தக் குழுவில் இருக்கிறீர்கள், பார்த்திருப்பீர்கள்.

உண்மையான அழைப்பு தொண்டியிலிருந்து வந்தது. தொண்டி அணியை நடத்துகிற காஜா நவாஸுக்கு ஷார்ஜாவில் கடைகள், தொண்டியில் ஐஸ் ஃபேக்டரி. இரண்டு சீசன் ஆடினால் போதும், ஐஸ் ஃபேக்டரியில் நிரந்தர வேலையும் குடியிருக்க வீடும் தருவதாகச் சொல்லியிருக்கிறார். மாரி நேராக என் கடைக்குத்தான் வந்தான்.

“அடுத்த வெள்ளிக்கிழமை அங்கன போயி நாலு பந்து எறிஞ்சு காட்டணுமாம்ணே. கை சரியா இருந்தா அன்னைக்கே சத்தியம். போகட்டா?”

“ஒனக்கு என்னலே தோணுது?”

“உப்புல நின்னு நின்னு காலு வெடிச்சுப் போச்சுண்ணே. நம்ம பிள்ளையும் இங்கனதான் நிக்கணுமான்னு ஜோதிகா தெனமும் கேக்குறா. இத விட்டா எனக்கு வெளிய போக வேற வழி இல்ல.”

“நல்லது நடக்கட்டும்பா” என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

ஆனால் யோசித்துப் பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது அவனுக்கு முதல் ஷூ வாங்கிக் கொடுத்தவன் நான். அதை யாரிடமும் சொல்லிக் காட்டியதில்லை. கேட்டவர்களிடம் மட்டும் சொல்லியிருக்கிறேன். தொண்டியில் காசு வரும், கூட்டம் வரும், பின்னாலேயே கர்வம் வரும். அடக்கமான பையன் கெட்டுப்போவான். உப்பளம் அவனை ஒழுங்காக வைத்திருந்தது. எங்கள் அணிக்கு எல்லையில் நிற்க வேறு ஆள் இல்லை என்பதும் உண்மைதான். அதை நான் இரண்டாவதாகத்தான் நினைத்தேன்.

அன்று சாயங்காலம் குழுவில் குரல் செய்தி ஒன்று போட்டேன். “நம்ம தம்பி மாரியோட வலது தோளு சீக்கிரம் கொணமாகணும்னு எல்லாரும் ஒரு நிமிசம் சாமிகிட்ட வேண்டிக்குங்கப்பா.” இவ்வளவுதான். அவனுக்குத் தோள் வலிக்கிறது என்று எங்கும் சொல்லவில்லை, நீங்கள் கேட்டுப் பார்க்கலாம். வேண்டிக்கொள்ளத்தான் சொன்னேன். வேண்டுதலால் யாருக்கும் கெடுதல் வந்ததில்லை.

மறுநாளைக்குள் குழுவில் அவன் தோளில் ஜவ்வு கிழிந்திருந்தது. அதற்கு அடுத்த நாள் மதுரையில் ஆபரேஷன் செய்து பிளேட் வைத்துவிட்டார்கள். பிரபு ஒரு எக்ஸ்ரே படமும் போட்டான். அது அமெரிக்க அவுட்ஃபீல்டர் ஒருவருடையது என்று பிறகு தெரிந்தது.

தொண்டி அணியின் மேனேஜர் பாக்கர் எனக்குப் போன் செய்தார். “ராக்கப்பண்ணே, படைச்சவனுக்குப் பொதுவாச் சொல்லுங்க. பையன் தோளு எப்படி?”

“நான் அதப் பத்தி ஒரு வார்த்தை பேச மாட்டேன் பாய். தங்கமான பையன். நீங்களும் அவனுக்காக துஆ செய்ங்க” என்றேன்.

“அப்பச் சரிதான்” என்று பெருமூச்சு விட்டார். “இருந்தாலும் வெள்ளிக்கிழமை வரட்டும். நவாஸ் காக்கா கண்ணால பாத்துட்டு முடிவு பண்ணிக்கிறேங்கிறாக.”

அன்று மத்தியானம் மாரியும் அவன் மனைவி ஜோதிகாவும் கடைக்கு வந்தார்கள். கடையில் வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். மாரி வலது கையைத் தலைக்கு மேலே தூக்கிச் சுற்றிக் காட்டினான்.

“ஒரு வலியும் இல்லண்ணே. யாருண்ணே இதக் கெளப்பிவிட்டது?”

“வலி இல்லாட்டி சந்தோசம்தானப்பா. வேண்டிக்கிட்டது வீணாப் போகாது.”

ஜோதிகா என்னை ஒரு பார்வை பார்த்தாள். “வேண்டிக்கிட்ட வரைக்கும் போதும்ணே. இந்த மனுசன் நல்லாத்தான் இருக்காரு. ஒங்க சாமிகிட்டச் சொல்லி வேண்டுதல வாபஸ் வாங்கிருங்க.”

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் கோபப்படவில்லை. ஆனால் அவள் சொன்னது மனதில் தைத்துவிட்டது. அவள் விளையாட்டாகச் சொன்னதுதான் என் சிக்கல். இல்லாத நோவுக்கு ஊரையே வேண்ட வைத்திருக்கிறேன். ஆளைப் பார்த்துப் பொய் சொன்னால் ஆளிடம் மன்னிப்புக் கேட்கலாம். வெள்ளிக்கிழமை தொண்டியில் அவன் நாலு பந்து நேராக எறிந்துவிட்டால், நான் சாமியிடம் அல்லவா பொய் சொன்னதாக ஆகும்? அதுவும் ஊரைக் கூட்டிவைத்து. என் ஆயுளில் நான் பொய் சொன்னதில்லை சார். அந்த ஒரு சொல்லை மெய்யாக்குவது என் கடமை என்று பட்டது.

மழைக்கு முன்னால் உப்பை ஏற்றி முடிக்க வேண்டும் என்று அப்போது லோடு வேலை மும்முரமாக நடந்தது. குவியலிலிருந்து லாரிக்கு ஒரு பலகையைச் சாய்த்துப் போட்டு, மூட்டையோடு அதில் ஏறிப்போவார்கள். வியாழக்கிழமை நான் மோர் கொண்டுபோனபோது எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டு ஷெட்டின் நிழலுக்கு வந்தார்கள். குடத்தைக் கொடுத்துவிட்டு, லாரியைச் சுற்றிக்கொண்டு போய், பலகையின் மேல்பாதியில் நல்லெண்ணெயைத் தடவினேன். கையால் தடவினேன், சீராக இருக்கும்படி.

வேறு யாருக்கும் அடிபடக் கூடாது என்பதில் கவனமாக இருந்தேன். மற்றவர்கள் இரண்டாவது டம்ளர் கேட்டு உட்கார்ந்திருப்பார்கள். மாரி ஒரு டம்ளர் குடித்துவிட்டு முதல் ஆளாக எழுந்துவிடுவான். அது அவன் சுபாவம். அந்த நல்ல குணத்தை நம்பித்தான் செய்தேன். அன்றும் எழுந்தான். “மோரு அமிர்தம்ணே” என்று சொல்லிவிட்டுப் போனான்.

வலது பக்கமாகவே விழுந்தான். மூட்டை அவன் மேல் விழுந்தது.

முதலில் ஓடியவன் நான்தான். ஆட்டோ பிடித்தது நான். ராமநாதபுரம் போகும்வரை அவன் தலை என் மடியில்தான் இருந்தது. “வெள்ளிக்கிழம போகணும்ணே” என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தான். “சாமி பாத்துக்கும்பா” என்று தடவிக் கொடுத்தேன். இனிமேல் அந்தக் கையைத் தோளுக்கு மேலே தூக்க முடியாது என்று டாக்டர் சொன்னார். அண்ணன் முன்கூட்டியே வேண்டச் சொன்னார், நாம்தான் சரியாக வேண்டவில்லை என்று குழுவில் பலர் வருந்தினார்கள். இப்போதெல்லாம் தேர்வு எழுதுகிற பிள்ளைகள்கூட என்னிடம் வந்து ஒரு சொல் வாங்கிப் போகிறார்கள்.

தொண்டிக்காரர்கள் வேறு ஒருவனை எடுத்துக்கொண்டார்கள். மாரி கெட்டுப்போகவில்லை, ஊரோடு இருக்கிறான். இந்த சீசனில் ஸ்கோர் எழுதுகிற வேலையை அவனுக்கு நானே பேசி வாங்கிக் கொடுத்தேன். இடது கையால் எழுதப் பழகுகிறான். அவன் இடத்தில் ஜோதிகா இப்போது உப்புச் சுமக்கிறாள். அவள் டம்ளரில் மட்டும் கொஞ்சம் இஞ்சி கூடுதலாகத் தட்டிப் போடுகிறேன். அவள் அதை வாங்குவதில்லை. பக்கத்தில் வைத்துவிட்டு வந்துவிடுவேன்.

நீங்கள் கேட்டதற்கு விளக்கம் கொடுத்துவிட்டேன். கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனது சுத்தமாக இருக்கட்டும். பலகைக்குத் தடவிய எண்ணெய் என்னுடையது அல்ல. உப்பளத்துக்குப் போகிற வழியில் அம்மன் கோயில் டின்னிலிருந்து ஒரு டம்ளர் மொண்டுகொண்டு போனேன். விளக்குக்கு என்று ஊரார் கொடுத்தது. ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்த நேரமெல்லாம் அதுதான் என்னை உறுத்திக்கொண்டிருந்தது. மறுநாள் வெள்ளிக்கிழமை, உச்சி வெயிலில் கோயிலில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, கடையில் புதிதாக வாங்கிய செக்கு எண்ணெயை டின்னில் ஊற்றினேன். எடுத்ததைவிடக் கொஞ்சம் கூடவே ஊற்றினேன். யாரும் பார்க்கவில்லை. யாரும் பார்க்க வேண்டும் என்று நான் நினைக்கவும் இல்லை. வீட்டுக்கு வந்து கைகால் கழுவிவிட்டு, யாருக்கும் எந்தப் பாக்கியும் இல்லாத மனிதனாக, நிம்மதியாகச் சாப்பிட்டேன்.