முப்பது நாள் சாவி

ஹலோ... ஹலோ, சார்? ஆளுதான் பேசுறீங்களா?... அப்பாடா. ஒண்ண அமுத்து, மூணை அமுத்துன்னு இருபது நிமிஷமா மிஷினுதான் பேசிச்சு... ஆங், தமிழ்லயே பேசலாம் சார், தமிழ்லயே.

என் பேரு கஸ்தூரி. பழவேற்காட்லேந்து பேசுறேன்... பழவேற்காடு சார். பொன்னேரிக்கு அந்தாண்ட. ஏரி கடல்ல போய்ச் சேருதே, அந்த இடம். இங்க மீனவர் பாதுகாப்பு மையம்னு ஒரு டிரஸ்ட் இருக்குது. அதுல கம்ப்யூட்டர் பாத்துக்கிறது நான்... ஆமா, நான் மட்டும்தான். கூடமாட ஒத்தாசைக்கு தேவின்னு ஒரு பொண்ணு இருக்குது... உங்க பேரு சார்?... வினோத். சரி சார்.

சார், உங்க சாஃப்ட்வேர் எதையும் ஓட்ட விடமாட்டேங்குது... சொல்றேன், சொல்றேன். எங்ககிட்ட ரெண்டு சர்வர் இருக்குது. அதுல அஞ்சாறு ப்ரோக்ராம் ஓடும். எதை ஓட்டணும், எதை நிறுத்தணும்னு எல்லாத்தையும் பாத்துக்கிறது உங்க சாஃப்ட்வேர்... ஆங், டேட்டா சென்டர் சாஃப்ட்வேர், அதேதான். இது பத்துக்குப் பத்து ரூம் சார். உங்க ஆளுங்கதான் கதவுல டேட்டா சென்டர்னு ஒட்டிட்டுப் போனாங்க.

காலைல எட்டு மணிக்கு கரண்ட் போச்சு. பேட்டரி பத்து நிமிஷம்கூட தாங்கல, ரெண்டும் ஆஃப். ஒம்பதரைக்கு கரண்ட் வந்துச்சு. சர்வர் ஆன் ஆவுது. உள்ள இருக்கிற ப்ரோக்ராம ஸ்டார்ட் பண்ணா மட்டும் மேல செவப்பா ஒரு பட்டை வருது. லைசன்ஸ் முடிஞ்சிடுச்சாம்...

இல்ல சார், நேத்து ராத்திரி வரைக்கும் ஓடிக்கிட்டுதானே இருந்துச்சு?... ஓ... ஓடுறது ஓடிக்கிட்டே இருக்குமா... ஆஃப் ஆனதை மறுபடி ஆன் பண்ண முடியாதா... அப்ப லைசன்ஸ் எப்பவோ முடிஞ்சிருக்கு, கரண்ட் போனதாலதான் எனக்கே தெரிஞ்சிருக்கு. அப்படித்தானே சார்?...

கஸ்டமர் நம்பரா? இருங்க, பெட்டி மேல ஒட்டியிருக்குது... நாலு, நாலு, ஏழு, சைபர், ரெண்டு, ஒம்பது... ஆமா, ஆமா. டிரஸ்ட் பேர்லதான்... ஆதிகேசவன் சாரா? எனக்கு முன்ன இதப் பாத்துக்கிட்டவரு. அவரு போன வருஷமே ரிட்டயர் ஆயி மகன் வீட்டுக்குப் போயிட்டாரு... அவரு மெயிலுக்கா அனுப்பினீங்க?... மூணு தடவையா?... சார், அந்த மெயில யாரும் தொறக்குறதே இல்லியே.

பழைய வெர்ஷனுக்கு இனிமே சப்போர்ட் கிடையாதுன்னு நீங்க சொல்லித்தானே சார் புதுசு போட்டோம்? ரெண்டு மாசம் முன்னாடி. உங்க ஆளே வந்து போட்டாரு... பழைய லைசன்ஸ் புதுசுல செல்லாதுன்னு அவரு வாயைத் தொறந்து சொல்லலியே சார்... ஓ, அறுபது நாளும் சும்மா சோதனைக்கு ஓடுச்சா...

சார், ஒரு நிமிஷம்.

கிறிஸ்டினாக்கா, உக்காருக்கா. பேசிக்கினுதான் கீறேன்... இல்லக்கா, இன்னும் தொறக்கல. இன்னா பண்ண சொல்ற என்னை? உக்காரு, தண்ணி குடி.

ஹலோ, சொல்லுங்க... அவங்களா? அவங்க வீட்டுக்காரரு கடல்ல இருக்காரு சார். அதுக்குத்தான் நான் இவ்ளோ அவசரப்படுறேன்.

எங்க ஊரு படகு எல்லாத்துலயும் ஒரு சின்ன பெட்டி வச்சிருக்கோம். படகு எங்க இருக்குன்னு அது சாட்டிலைட் வழியா சொல்லும். ஆபத்துன்னா செவப்பு பட்டனை அமுத்துவாங்க. அது இங்க வந்து அலாரம் அடிக்கும். நான் மேப்ப பாத்து, இன்ன இடம்னு ஆளை அனுப்புவேன். அந்த ப்ரோக்ராம்தான் இப்ப உங்க சாஃப்ட்வேருக்குள்ள மாட்டிக்கிட்டு இருக்குது.

விடிகாலைல நாப்பத்திரெண்டு படகு போச்சு. எட்டரைக்கெல்லாம் வாடைக் காத்து தூக்கிடுச்சு. போனதெல்லாம் வலைய சுருட்டிக்கிட்டு திரும்பிடுச்சு. பதினாலாம் நம்பர் மட்டும் இன்னும் வரல சார். தனக்கோடி அண்ணன் படகு. அதுல நாலு பேரு. இந்த அக்கா வீட்டுக்காரரு டேவிட்டும் அதுலதான்...

போன் போட்டாச்சு சார், நாலு பேருதும் ஸ்விட்ச் ஆஃப்... சொல்லியாச்சு, சொல்லியாச்சு. கடல்ல தேடுறவங்ககிட்டயும் சொல்லியாச்சு. எந்த இடம்னு சொல்லுங்க, உடனே போறோம்ன்றாங்க. அவங்க கேக்குறது நியாயம்தானே? அம்மாம் பெரிய கடல்ல எங்கன்னு தேடுவாங்க? இங்கேந்து பெருமாள் மாமா தன் படகை எடுத்துக்கிட்டுப் போயிருக்காரு. அவருக்கும் எந்தப் பக்கம்னு தெரியாது. கண்ணால தேடுறதுதான்...

சார், சார், புது லைசன்ஸ் வெவரம் எல்லாம் அப்பறமா சொல்லுங்க... சரி, சொல்லுங்க. சீக்கிரம் சொல்லுங்க... ம்... ம்... முன்ன மிஷினுக்கு ஒண்ணு, இப்ப சிப்புக்குள்ள இருக்கிற கோர் எத்தனையோ அத்தனையா... எங்களது மொத்தம் முப்பத்திரெண்டு... கொறஞ்சது அறுபத்திநாலு வாங்கணுமா? இல்லாத கோருக்கு எதுக்கு சார் வாங்கணும்?... சரி, உங்க ரூல்ஸு.

அப்ப இன்னொண்ணு கேக்குறேன். ஒரு சர்வர் படுத்துட்டா இன்னொண்ணு தானா எடுத்துக்கும்னு பழசுல ஒரு வசதி இருந்துச்சே?... அது பெரிய பேக்கேஜுக்குப் போயிடுச்சா... ம்... எங்களுக்கு இன்னா புதுசா குடுத்தீங்க?... ஒரே ஸ்க்ரீன்ல பத்தாயிரம் சர்வரைப் பாக்கலாம். ம்... எது எப்ப ரிப்பேர் ஆவும்னு முன்னாடியே சொல்லும். ம்... தன் லைசன்ஸ் முடியப்போறத அது எனக்குச் சொல்லலியே சார்?

கோவமா பேசல. மன்னிச்சுக்குங்க. உங்க மேல கோவம் இல்ல. நீங்க போனை மட்டும் வச்சிடாதீங்க.

தற்காலிகமா ஒரு சாவி குடுப்பீங்களாமே? ஏதோ ஒரு நம்பர் குடுத்தா தொறந்துக்கும்னு... உங்க கையில இல்லியா... புது காண்ட்ராக்ட் போட்டாதான் குடுக்க முடியுமா... மேலாளரைக் கேக்கணுமா... கேளுங்க சார், கேளுங்க. நான் லைன்ல இருக்கேன்.

...

இல்லக்கா, அவரு இல்ல. பாட்டு போட்டு வுட்டுருக்காங்கோ... நடு நடுவுல ஒரு பொம்பள புது வெர்ஷனப் பத்தி சொல்லினு கீறா... ஏ தேவி! கரைல எவனாச்சும் எதுனா பாத்தானான்னு கேட்டியா?... கேளு, திரும்பக் கேளு.

...

ஹலோ! சொல்லுங்க, சொல்லுங்க... மேலாளரு மீட்டிங்கா... எப்ப வருவாரு?... சார், உங்க ஊரு எது?... ராணிப்பேட்டையா. ராணிப்பேட்டைல கடல் இல்ல சார். பாலாறு இருக்குதுல்ல? அதுல தண்ணி வந்தப்ப பாத்திருப்பீங்க...

ஒரு விஷயம் சொல்றேன், கேளுங்க. தனக்கோடி அண்ணன் அந்தப் பெட்டி வேணாம்னாரு. முப்பது வருஷமா கடலுக்குப் போறேன், பட்டன் எதுக்கும்மான்னாரு. நான்தான் மூணு நாள் அவரு வீட்டுக்கு நடந்தேன். அண்ணே, நீ அமுத்து, இங்க நான் இருக்கேன்னு சொன்னேன். நான் குடுத்த வாக்கு சார் அது. அவருக்கு உங்க கம்பெனியைத் தெரியாது, லைசன்ஸ் தெரியாது. என்னைத்தான் தெரியும்.

... அழல சார்... இல்ல, சொல்லுங்க... நீங்களே போறீங்களா? மீட்டிங் ரூமுக்கேவா?... திட்டுவாங்களா உங்களை?... போங்க சார். உங்களுக்குப் புண்ணியமாப் போவும், போங்க.

...

ஹலோ! ஆங்... ஆங்... குடுத்துட்டாரா? ஐயோ சார்... இருங்க, எழுதிக்கிறேன். தேவி, பேனா! பேனா குடுடி!... சொல்லுங்க... கே, ஏழு, எம்மு... எம்மா, என்னா? மதராஸ் எம்மா?... நாக்பூர் என். சரி, சரி... அஞ்சு, டி... டில்லி டியா, பம்பாய் பியா?... டில்லி. ஆமா... ஒம்பது, ஒம்பது... எக்ஸு... கடைசி நாலு?... போட்டுட்டேன். அமுத்துறேன்...

தப்புன்னு வருது சார்! தப்பு நம்பராம்!... திரும்பப் படிக்கிறேன், கே, ஏழு, என், அஞ்சு, டி, ஒம்பது, ஒம்பது, எக்ஸு, சைபர்... ஓவா? ஓ எழுத்தா அது?... மாத்துறேன்...

எடுத்துக்கிச்சு! செவப்பு போயிடுச்சு. ஸ்டார்ட் குடுத்துட்டேன்... எவ்ளோ நேரம் ஆவும்?... மூணு நிமிஷமா... சரி.

இந்த சாவி எத்தனை நாளைக்கு சார்?... முப்பதா? அறுபதுன்னு நெனச்சேன்... முப்பது நாள் கழிச்சு சரியா மழையும் காத்தும் உச்சத்துல இருக்கும் சார் இங்க... தெரியும், உங்களால இவ்ளோதான் முடியும். தெரியும் சார்... ஆமா, கோட்டேஷன் அனுப்புங்க, டிரஸ்ட்டுக்கு காட்டுறேன். எங்களால முடியாது, இருந்தாலும் அனுப்புங்க. இந்தத் தடவ என் மெயிலுக்கு அனுப்புங்க.

... வருது சார். மேப் வருது. கரை வந்துச்சு, ஏரி வந்துச்சு... படகு ஒண்ணொண்ணா பச்சையா வருது... கரைல நிக்கிறதெல்லாம் பச்சை...

ஐயோ. அலாரம் அடிக்குது, கேக்குதா சார்? பதினாலு. செவப்பு. பதினாலு சார்... சாட்டிலைட்ல தேங்கிக் கெடந்ததெல்லாம் இப்ப மொத்தமா வருது... மொத தடவ எட்டு நாப்பதுக்கு அமுத்தியிருக்காங்க. கரண்ட் போயி நாப்பது நிமிஷம்... எட்டு நாப்பத்தி நாலு... ஒம்பது... ஒம்பதே கால்... இருபத்தி மூணு தடவ சார். இருபத்தி மூணு தடவ அமுத்தியிருக்காங்க. இப்ப மணி பதினொண்ணே முக்கால்.

தேவி, எழுதிக்க! முகத்துவாரத்துக்குத் தெக்கால, கரைலேந்து... இரு. இரு, இன்னா இது?... முப்பத்தொண்ணு. பெருமாள் மாமாவுது. பக்கத்துலயே கீது. ரெண்டும் ஒட்டிக்கினு... நவுருது! தேவி, ரெண்டும் சேந்து கரைக்கு வருதுடி! இழுத்துனு வராரு! அக்கா, அக்கா, கட்டிப் புடிக்காத, இரு, பாக்க வுடு...

சார், கண்டுபிடிச்சிட்டாரு சார்... இல்ல, இதப் பாத்து இல்ல. இது இப்பதானே தொறந்துச்சு. அவரே தேடிப் புடிச்சிருக்காரு... தெரியல சார். மேப்ல படகுதான் தெரியும், உள்ள எத்தினி பேருன்னு தெரியாது.

தேவி, போன் அடிக்குது பாரு, எடு!... யாரு? மாமாவா? ஸ்பீக்கர்ல போடு... கேக்கல... இன்னா சொல்றாரு?... நாலு பேருமா? நல்லா கேளு, நாலு பேருமா?... டேவிட்?...

கிறிஸ்டினாக்கா, இருக்காரு. நாலு பேரும் இருக்காங்கோ. படகு கவுந்து, அத்தப் புடிச்சினு மெதந்திருக்காங்கோ... போ, நீ கரைக்குப் போ. ஓடு.

ஹலோ... ஆங், கேட்டுச்சா? நாலு பேரும் உசுரோட இருக்காங்க சார். ஒருத்தருக்கு கை ஒடஞ்சிருக்காம்... ஆமா... ஆமா சார். ரொம்ப நன்றி. நீங்க மீட்டிங் ரூமுக்குள்ள போனீங்களே, அதை நான் மறக்கமாட்டேன்...

கம்ப்ளெயின்ட்ட மூடணுமா?... மூடிக்குங்க சார்.

இன்னாடி தேவி? மூஞ்சி ஏன் அப்படி வச்சினு கீற?... வேற இன்னா சொன்னாரு மாமா?... சொல்லு... யாரு, தனக்கோடி அண்ணனா? படகுல ஏத்துனதும் மொதல்ல கேட்டாரா?... இன்னான்னு?...

...

ஹலோ. இருக்கேன் சார்... ஒண்ணுமில்ல. 'அவ்ளோ நேரம் அமுத்தினேனே, கஸ்தூரி எங்க போச்சு'ன்னு கேட்டாராம்.

இன்னும் அரை மணில அவரு கரைக்கு வந்துடுவாரு. நான் போய் அவரு முன்னாடி நிக்கணும். இன்னா சார் சொல்றது நானு? லைசன்ஸ் முடிஞ்சிடுச்சுண்ணேன்னா?... ஹலோ... வினோத் சார்?... சார், கேக்குதா?... ஹலோ...