பிரேக் பிடித்தது நான்தான்

பெயர், தகப்பனார் பெயர், முகவரி: முதல் வாக்குமூலத்தில் உள்ளபடி. வயது: ஐம்பத்தேழு. தொழில்: கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது, இருபத்தாறு வருடமாக.

அன்று நான் சொன்னதில் பெயரும் வயதும் முகவரியும் சரி. மற்றதைத் திருத்திச் சொல்ல நானாகவே காவல் நிலையத்துக்கு வந்திருக்கிறேன். யாரும் என்னை மிரட்டவில்லை, ஆசை காட்டவில்லை. என் மனைவி மட்டும் மூன்று நாளாக என்னுடன் பேசவில்லை. அதை மிரட்டல் என்று எழுத வேண்டாம் என்று அதிகாரியைக் கேட்டுக்கொண்டேன்.

விசாரிக்கச் சொல்வதாவது: என் மனைவி தபால் அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். இரண்டு வருடத்துக்கு முன்பு அவளுக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரியவந்து, அறுவை சிகிச்சை செய்தார்கள். அதன் பிறகு அவளுக்கு இடது கையில் பிடி குறைவு. அந்தக் கையில் ஊசி போடக் கூடாது, ரத்த அழுத்தமும் பார்க்கக் கூடாது. எந்த ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தாலும் இதை முதலில் சொல்வது என் வேலை. இரண்டு வருடத்தில் ஒரு தடவைகூடத் தவறியதில்லை. இதை இங்கே ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் வரும்.

அதன் பிறகு ஒரு புது மருந்து கொடுத்தார்கள். அவள் தேறிவிட்டாள். "பத்து வருஷத்துக்கு முன்னாடி வந்திருந்தா இந்த மருந்தே என்கிட்ட இல்லம்மா" என்று டாக்டர் சொன்னார். அதைக் கண்டுபிடித்தவர்கள் யாரோ, கண்டுபிடிக்கப் பணம் கொடுத்தவர்கள் யாரோ, ஒருவர் முகமும் எங்களுக்குத் தெரியாது. யாரிடம் போய் நன்றி சொல்வது என்று இருந்தபோது, புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்டும் நாற்பது கிலோமீட்டர் சைக்கிள் பயணம் பற்றி ஆஸ்பத்திரிச் சுவரில் ஒட்டியிருந்ததைப் பார்த்து, என் மனைவி எங்கள் இருவர் பெயரையும் கொடுத்துவிட்டு வந்தாள். என்னைக் கேட்கவில்லை.

அதன் பிறகு சைக்கிள் கடைக்காரரிடம், இரண்டு பேர் முன்னும் பின்னுமாக உட்கார்ந்து மிதிக்கும் இரட்டைச் சைக்கிள் ஒன்றை வாடகைக்கு எடுத்தோம். வண்டியைத் திருப்புவது முன்னால் உட்காருகிறவர். பின்னால் உட்காருகிறவருக்கு மிதிப்பதைத் தவிர வேறு வேலை கிடையாது. நான் வழக்கம்போல முன்னால் போய் ஏறினேன். என் மனைவி, "எறங்குங்க" என்றாள். "ஸ்கேனுக்கு நீங்க ஓட்டுனீங்க, லேபுக்கு நீங்க ஓட்டுனீங்க. ரெண்டு வருஷமா நான் மூட்டை மாதிரி பக்கத்துல உட்கார்ந்து வந்தேன். இந்த ஒரு தடவை நான் ஓட்டுறேன்." நான் இறங்கிவிட்டேன்.

அவள் இடது கையை உத்தேசித்து, பின்சக்கரத்துக்கான கை பிரேக்கைக் கடைக்காரர் கழற்றிவிட்டு, பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் பிரேக்கைப் பொருத்திக் கொடுத்தார். இருவர் பெடலும் சங்கிலியால் இணைந்தவை என்பதால் யார் பின்னோக்கி மிதித்தாலும் சக்கரம் நின்றுவிடும். "சார், பின்னாடி உட்கார்றவங்க காலைச் சும்மா கூடவே சுத்த விடணும். மறந்தும் பின்னாடி மிதிச்சுடாதீங்க" என்று இரண்டு தடவை சொன்னார். மிதிக்க மாட்டேன் என்று என் மனைவிக்கு வாக்குக் கொடுத்தேன்.

என் தொழிலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பயிற்சிக் காரில் எனக்குப் பக்கத்து இருக்கை. என் காலுக்கடியில் தனியாக ஒரு பிரேக் உண்டு. ஓட்டுவது மற்றவர், பயப்படுவது நான், பிரேக் பிடிப்பதும் நான். படிக்க வருகிறவர்கள் எனக்குப் பிரேக் வாத்தியார் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மச்சினன் காரில் போனாலும் என் கால் தரையைத் தேய்த்துக்கொண்டே வரும். டிவியில் கார் ஓடினால்கூடக் கால் அசைகிறது என்று மனைவி சொல்வாள். அது கொஞ்சம் மிகை.

சென்ற ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்குப் பயணம் தொடங்கியது. எங்கள் எண் 214. யாருக்காக மிதிக்கிறோம் என்று எழுதி முதுகில் குத்திக்கொள்ள ஆளுக்கு ஓர் அட்டை கொடுத்தார்கள். என் மனைவி, 'மருந்து கண்டுபிடிச்சவங்களுக்காக' என்று எழுதினாள். நான், 'முன்னால் இருப்பவருக்காக' என்று எழுதினேன். பார்த்துவிட்டு, "ரொம்பத்தான்" என்றாள். ஆனால் என் அட்டைக்கு ஊக்கு குத்திவிட்டவள் அவள்தான்.

அதன் பிறகு இருபத்தேழு கிலோமீட்டர் ஒரு குறையும் இல்லாமல் போனோம். முந்திப் போகும்போதெல்லாம் மணியடித்தாள். அவசியமில்லாத இடத்திலும் அடித்தாள். எனக்கு அவள் முதுகு மட்டும்தான் தெரிந்தது. இரண்டு வருடத்தில் அந்த முதுகைக் கட்டிலிலும் ஸ்கேன் மேஜையிலும் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அவ்வளவு நிமிர்ந்து பார்த்ததில்லை. எனக்குக் கண் கலங்கியது. காற்றினால் என்று எழுத வேண்டாம்.

அதன் பிறகு ஓர் இறக்கம் வந்தது. அதன் அடியில் ஒரு பக்கத்துத் தெரு வந்து சேருகிறது. அந்தத் தெரு வாயிலில் ஒரு ரொட்டி வேன் நின்றுகொண்டிருந்தது. நான் மறுபடியும் சொல்கிறேன்: நின்றுகொண்டிருந்தது. கோட்டுக்கு உள்ளேயே, சக்கரம் நேராக, எங்களுக்கு வழிவிட்டு நின்றது. இருபத்தாறு வருடத்தில் நான் கற்றுக்கொடுத்த ஒருவரும் அவ்வளவு ஒழுங்காக நிறுத்திக் காட்டியதில்லை. என் மனைவியும் அதைப் பார்த்து, சற்றே விலகி, சரியாகத்தான் ஓட்டினாள். நான் வேனின் மூக்கை மட்டும் பார்த்தேன். "பிரேக்!" என்று கத்தினேன். கத்துவதற்கு முன்பே என் வலது கால் பின்னோக்கி மிதித்துவிட்டது.

பின்சக்கரம் வழுக்கி, சைக்கிள் சாய்ந்து, நாங்கள் இருவரும் விழுந்தோம். சைக்கிள் மட்டும் சறுக்கிக்கொண்டே போய் வேனில் முட்டியது. வேனின் முன்பக்க நசுங்கல் அதனால் ஏற்பட்டது. வேன் எங்களை இடிக்கவில்லை. எனக்கு வலது தோள்பட்டை எலும்பு முறிந்தது. என் மனைவிக்கு முகவாயில் வெட்டு, முழங்காலில் சிராய்ப்பு.

அதன் பிறகு வேன் ஓட்டுநர் இறங்கி ஓடி வந்தார். நாற்பது வயதிருக்கும். ரொட்டித் தட்டுகளைப் பாதி இறக்கிச் சாலையோரம் அடுக்கிவிட்டு, வேனில் காலியான இடத்தில் என்னை உட்கார வைத்து, என் மனைவியைத் தன் பக்கத்து இருக்கையில் உட்கார வைத்து, முகவாயில் ஒரு சுத்தமான துணியை அழுத்திப் பிடிக்கச் சொல்லி, பதினோரு நிமிடத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார். வழியில் ஒரு குலுக்கல் இல்லை. இதை ஒரு வாத்தியாராகச் சொல்கிறேன்.

ஆஸ்பத்திரியில் என் மனைவியை உள்ளே கொண்டு போனார்கள். அங்கே வந்த காவலர் தாழ்வாரத்தில் வைத்து என்னிடம் என்ன நடந்தது என்று கேட்டார். "வேன் சடார்னு வெளிய வந்துடுச்சு" என்றேன். பிரேக் வாத்தியாரே மனைவியைக் கீழே தள்ளினான் என்றால் நாளைக்கு யார் என்னிடம் படிக்க வருவார்கள் என்று நினைத்தேன். அதையே விரிவாகச் சொல்லிக் கையெழுத்தும் போட்டேன். நான் அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து வேன் ஓட்டுநர் குரல் கேட்டது. "சிஸ்டர், அக்காவுக்கு இடது கையில ஊசி போடக் கூடாதாம். வண்டியில வரும்போதே சொன்னாங்க. வலது கையில பாருங்க" என்றார். நான் சொல்ல வேண்டிய வார்த்தை அது. நான் அந்த நேரத்தில் அவர் மேல் பொய் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு அவருடைய லைசென்சை வாங்கி வைத்துவிட்டார்கள். ரொட்டிக் கடை முதலாளி வேனை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு, இவரை அடுப்படியில் தட்டு தூக்க வைத்திருக்கிறார். புதன்கிழமை மாலை அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். சண்டைக்கு வரவில்லை. வேனில் கிடந்த என் ஒற்றைச் செருப்பைக் கழுவிக் கொண்டுவந்திருந்தார். என் மனைவியின் தையலைப் பற்றி விசாரித்தார். கிளம்பும்போது, "சார், வேன் அசையலைன்னு உங்களுக்குத் தெரியும்ல?" என்று மட்டும் கேட்டார். நான், தோள் வலிக்கிறது என்றேன். அவர் தலையாட்டிவிட்டு, ஓய்வெடுக்கச் சொல்லிப் போய்விட்டார்.

அவர் போன பிறகு என் மனைவி சொன்னது: "பெடல் பின்னாடி போனது என் காலுக்கும் தெரியும். நான் போய்ச் சொல்லிடுவேன். ஆனா நீங்க சொன்னதை நீங்கதான் திருத்தணும். முகம் தெரியாதவங்களுக்கு நன்றி சொல்ல நாப்பது கிலோமீட்டர் கிளம்பினோம். முகம் தெரிஞ்ச மனுஷனுக்கு நாம செஞ்சது இதுதானா?" அதோடு பேச்சை நிறுத்திவிட்டாள். இன்று காலை நான் சட்டையை மாட்டத் திணறியபோது, எங்கே போகிறேன் என்று கேட்காமலே வந்து பொத்தான் போட்டுவிட்டாள்.

வேன் ஓட்டுநருக்கு நன்றி என்று தனியாக ஒரு பத்தி எழுதச் சொன்னேன். வாக்குமூலத்தில் அதற்கு இடமில்லை, நடந்ததை மட்டும் சொல்லுங்கள் என்றார் அதிகாரி. நன்றியும் நடந்ததுதான் என்றேன். எழுதிக்கொண்டார்.

மேலும் கேட்டதற்குச் சொல்வது: பொய் சொன்னதற்கு உண்டான நடவடிக்கைக்கு நான் கட்டுப்படுகிறேன். அவருடைய லைசென்சை இன்றே திருப்பிக் கொடுக்க வேண்டுகிறேன். மீதமுள்ள பதின்மூன்று கிலோமீட்டரை மாதக் கடைசிக்குள் முடித்தால் கணக்கில் சேர்ப்பதாகப் பயணத்தை நடத்துகிறவர்கள் சொல்லியிருக்கிறார்கள். முன்னால் என் மனைவி ஓட்டுவாள். ஆறு வாரத்துக்கு நான் சைக்கிள் தொடக் கூடாது என்பதால், பின்னால் உட்கார வேன் ஓட்டுநரைக் கேட்டிருக்கிறாள். அவர் சம்மதித்து, இப்போது அவளோடு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். காலைச் சும்மா வைத்திருக்கத் தெரிந்தவர் என்பதற்கு நானே சாட்சி.

எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது. வலது கைக்குக் கட்டுப் போட்டிருப்பதால் இடது கையால் கையெழுத்திடுகிறேன். ஆகவே கையெழுத்து முதல் வாக்குமூலத்தோடு ஒத்துப்போகாது. சொன்னதும் ஒத்துப்போகாது. இரண்டில் இதுவே உண்மை.

(ஒப்பம், இடது கையால்)