பூச்சியம்மாவின் முழங்கால் பட்டை

மேடையில் வீற்றிருக்கும் நம் ஆய்வு நிறுவனத்தின் இயக்குநர் அவர்களே, இயற்பியல் துறைத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும், மறைந்த அம்மையாரின் கணவர் அவர்களே, விளையாட்டரங்கிலிருந்து வந்திருக்கும் வீரர்களே, மாணவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் மறைந்த பேராசிரியரை அமைதியின் உருவம் என்றார்கள். மென்மையானவர் என்றார்கள். யார் மனத்தையும் நோகடிக்காதவர் என்றார்கள். நான் பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டேன்: "நாம சரியான கூட்டத்துக்குத்தான் வந்திருக்கோமா?"

அவையோரே! நாம் நினைவுகூர வந்திருப்பது பூச்சியம்மாவை! அழைப்பிதழில் அச்சிட்ட பெயரைச் சொன்னால் இங்கே பாதிப் பேருக்கு யாரென்றே தெரியாது. பூச்சியியல் பேராசிரியர் பூச்சியம்மாவா மென்மையானவர்? இங்கே எஞ்சினியராக இருக்கும் என் பட்டறைக் கதவை அவர் ஒருநாளாவது தட்டிவிட்டு வந்ததுண்டா? நான் வெல்டிங் செய்துகொண்டிருக்கும்போது முதுகுக்குப் பின்னால் நின்று, "எஞ்சினியர், இதைக் கொஞ்சம் பிடிங்க" என்பார். திரும்பினால் கையில் திணிப்பது உயிருள்ள வெட்டுக்கிளி! எத்தனை முறை! சொல்லிச் சொல்லி என் வாய் வலித்ததுதான் மிச்சம்.

உலகம் முழுவதும் வெட்டுக்கிளி எப்படித் தாவுகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தபோது, இவர் ஒருவர்தான் கேட்டார்: "தாவினது எப்படிங்க இறங்குது?" அதிவேகக் கேமராவில் படம் பிடித்து, பின்னங்காலின் மூட்டு வில்லைப் போல வளைந்து அதிர்ச்சியை வாங்கிக்கொள்வதைக் கண்டார். அதைப் பார்த்து மனிதருக்கு ஒரு முழங்கால் பட்டை செய்யலாம் என்றார். செய்தவன் நான்.

அந்தப் பட்டையைப் போட்டுக்கொண்டு முதலில் தாண்டியவர் அதோ, மூன்றாவது வரிசையில் இருக்கிறார். மும்முறைத் தாண்டுதல் வீராங்கனை. அதனால் நாங்கள் எல்லோரும் அவரை 'மும்முறை' என்றே கூப்பிடுவோம். முழங்கால் கெட்டுப்போய், இனிமேல் தாண்டவே கூடாது என்று மருத்துவர்கள் கைவிட்ட பெண். பட்டையைக் கட்டினோம். தாண்டினார்! வலி இல்லை! தரையில் பதித்திருந்த, கால் ஊன்றும் விசையை அளக்கும் விசைத் தட்டு, முழங்காலின் சுமை நன்றாகக் குறைந்ததைக் காட்டியது. மும்முறை அழுதார். நானும் அழுதேன். பூச்சியம்மா மட்டும், "அழுது முடிச்சாச்சுன்னா இன்னொரு தடவை தாண்டுங்க" என்றார்.

ஆய்வுக் கட்டுரை வெளியானது. பெயர் பரவியது. விளையாட்டுப் பொருள் நிறுவனம் ஒன்று பட்டையை மொத்தமாகத் தயாரிக்கத் தயாராக வந்து நின்றது. இயக்குநர் அவர்களே, அன்று நீங்களே எங்கள் கழுத்தில் மாலை போட்டீர்கள்.

அப்போது என்ன செய்தார் தெரியுமா இந்த அம்மையார்? சிற்றுண்டிச்சாலைக்குப் போகும் படிக்கட்டில் மும்முறை ஏறுவதைப் பார்த்திருக்கிறார். ஏறும்போது அந்தப் பெண்ணின் கை இடுப்புக்குப் போயிருக்கிறது.

"இடுப்பு வலிக்குதா?"

"இல்ல மேடம், சும்மா."

"சும்மா யாராவது இடுப்பைப் பிடிப்பாங்களா? வா இங்க."

சாப்பிடப் போன பெண்ணைத் திரும்ப இழுத்துவந்து அளந்தார். முதல் தடவை நாங்கள் முழங்காலை மட்டும்தான் அளந்திருந்தோம். இப்போது இடுப்பையும் அளந்தார். முழங்காலில் குறைந்த சுமை எங்கேயும் போய்விடவில்லை. அப்படியே இடுப்பில் ஏறி உட்கார்ந்திருந்தது!

நேரே என் பட்டறைக்கு வந்தார். "உங்க பட்டை தப்பு."

"நேத்து வரைக்கும் நம்ம பட்டைன்னீங்களே மேடம்?"

"சரி, நம்ம பட்டை தப்பு. கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கிறேன்னு பத்திரிகைக்கு எழுதிட்டேன்."

கேட்கவில்லை, அவையோரே! எழுதிவிட்டுச் சொன்னார்! நான் கையில் இருந்த ஸ்பேனரை வீசி எறிந்தேன். கொஞ்சம் பொறுத்து, பட்டையைச் சரிசெய்துவிட்டு, அப்புறம் சொன்னால் குடியா முழுகிவிடும்? இதையே கேட்டேன். "அதுக்குள்ள எத்தனை பேர் இதைக் கட்டிக்கிட்டுத் தாண்டுவாங்க? அவங்க இடுப்புக்கு யார் பதில் சொல்றது, நீங்களா?" என்றார்.  அவர் கேட்டது நியாயம் என்பதால் கோபம் இன்னும் அதிகமானது.

நிறுவனம் போய்விட்டது. மும்முறைக்கு அந்த ஆண்டுப் போட்டிகள் எல்லாம் போயின. "எனக்குக் காலைக் குடுத்துட்டுப் பிடுங்கிக்கிட்டீங்க" என்று சொல்லிவிட்டுப் போனவர், நெடுங்காலம் இவரோடு பேசவில்லை. இயக்குநர் அவர்களே, அவர் வெட்டுக்கிளிகளை வளர்த்துவந்த பூச்சிக்கூடத்தை நீங்கள் காலி செய்யச் சொல்லி, உடைந்த நாற்காலிகளைப் போட்டுவைத்தீர்கள். முகம் சுளிக்காதீர்கள், இன்றைக்குச் சொல்லாமல் என்றைக்குச் சொல்வது?

அடங்கினாரா? கூண்டுகளை வீட்டுக்கே கொண்டுபோனார்! பேருந்து ஓட்டி ஓய்வுபெற்ற கணவர், படுக்கையறையை வெட்டுக்கிளிகளுக்குக் கொடுத்துவிட்டுக் கூடத்தில் பாய் விரித்தார். அவர் என்னிடம் புலம்பியது காதிலேயே இருக்கிறது: "தினம் புல்லு அறுத்துப் போடறேங்க. நான் சாப்பிட்டேனான்னு கேக்க ஆளில்ல. அதுங்க சாப்பிட்டுச்சான்னு மட்டும் வந்ததும் வராததுமா கேக்கறா." சொல்லிவிட்டு, அரிவாளை எடுத்துக்கொண்டு புல் அறுக்கத்தான் போனார்.

அந்தப் படுக்கையறையில்தான் விஷயம் பிடிபட்டது. வெட்டுக்கிளி எடையே இல்லாத உயிர். இறங்கும்போது உருண்டு விழுந்தாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. மனிதன் கனமானவன், அதன் காலை அப்படியே நகலெடுத்தால் தாங்கமாட்டான். ஆனால் அது வேறொன்றும் செய்கிறது: தரையைத் தொடும் முன்பே, காற்றிலேயே, காலை மடக்கத் தொடங்கிவிடுகிறது. "இதை மட்டும் எடுத்துக்கலாம் எஞ்சினியர்!" என்று ஓடிவந்தார். சரியான நொடியில் காலை லேசாகச் சுண்டி, மடக்கு என்று சொல்லும் மெல்லிய பட்டை ஒன்றைச் செய்தோம். பூச்சியம்மாவே மும்முறையின் வீட்டு வாசலில் போய் நின்றார். கதவு திறக்கும்வரை நின்றார். இந்த முறை முழங்கால், இடுப்பு இரண்டிலும் சுமை குறைந்தது. சென்ற போட்டியில் மும்முறை நான்காவதாக வந்தார். பதக்கம் இல்லை. ஆனால் நொண்டாமல் நடந்து வெளியே வந்தார்!

இருதயம் பழுதாகி மருத்துவமனையில் கிடந்தவரிடம் போய், "இந்தத் தடவை சரியா வந்திருக்கு மேடம், எழுதி அனுப்பிடலாம்" என்றேன். மூச்சு வாங்குகிறது, அப்போதும் முறைக்கிறார்! "ஒருத்தி கால் சரியானா எல்லார் காலும் சரியாயிடுமா? இன்னும் பலரைத் தாண்டவிட்டு அளக்கணும்."

"நீங்க வாங்க, சேர்ந்து அளப்போம்."

"வருவேன். அதுவரைக்கும் கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருப்பீங்களா?"

வரவில்லை. சொன்ன சொல் தவறாத அந்த அம்மையார் இந்த ஒன்றில் என்னை ஏமாற்றிவிட்டார்! இந்த வேலையை யார் தலையில் கட்டிவிட்டுப் போனீர்கள் மேடம்? யாரோடு நான் இனிச் சண்டை போடுவது?

இயக்குநர் அவர்களே, அம்மையாரின் படத்தைத் திறந்து வைக்கப்போவதாகச் சொன்னீர்கள். திறக்க வேண்டியது பூச்சிக்கூடத்தை. நாற்காலிகளை வெளியே எடுங்கள். நாளைக் காலையில் கூண்டுகள் வரும். ஐயா தன் படுக்கையறையில் மறுபடியும் படுக்கட்டும்.

வீரர்களே, தாண்ட வாருங்கள். ஒவ்வொருவரையும் அளப்போம், உச்சி முதல் பாதம் வரை. மும்முறை, உனக்கு இந்த அவையின் முன்னால் ஒரு வாக்குத் தருகிறேன். அளவு தப்பாக வந்தால், தப்பு என்று நானே ஊரறியச் சொல்வேன். பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வேன், கையில் கிடைத்ததை வீசி எறிந்துவிட்டுச் சொல்வேன்.

ஆனால் அன்றைக்கே சொல்வேன்.