சனிக்கிழமை முழுக்கு

— நில் தம்பி, படியிலை கால் வையாதை. கிணத்தடிக்கு வா. முதல்ல முழுகு.

— இப்பதானே அக்கா பஸ்ஸாலை இறங்கினனான். அம்மாவை ஒருக்காப் பாத்திட்டு வாறனே.

— அம்மா குசினிக்கை நிக்கிறா, எங்கையும் ஓடமாட்டா. ஐயா செத்து ஏழு மாசம். மூத்த பெடியன் நீ இண்டைக்குத்தான் சீமையிலை இருந்து வாறாய். செத்தவீட்டுத் துடக்கோடை உள்ளுக்குப் போகேலுமே? சூட்கேசை மாமரத்தடியிலை வை. இந்தா வேட்டி.

— ஏழு மாசத்துக்குப் பிறகும் துடக்கு இருக்குமோ?

— நீ இந்தக் கிணத்திலை முழுகுமட்டும் இருக்கும். இஞ்சினியருக்குப் படிச்சாப்போலை உது மாறுமே?

— சரி, முழுகுறன்.

— பிறகேன் வாளியைப் பாத்துக்கொண்டு நிக்கிறாய்? துலா இழுக்க மறந்து போச்சோ?

— இல்லை. நினைச்ச நேரம் தண்ணி அள்ளலாம் எண்டது மறந்து போச்சு.

— அங்கை தண்ணிக்குப் பஞ்சமே?

— தண்ணி இருக்கு. முறைதான் இல்லை. நான் வாடகைக்கு இருந்த வீட்டிலை ஆளுக்குக் கிழமையிலை ஒரு நாள் குளிப்பு. என்ர நாள் சனிக்கிழமை.

— கிழமைக்கு ஒருக்காவோ? உவ்வே. உனக்கு நாறேல்லையே?

— முதல் மாசம் நாறினது. பிறகு தெரியேல்லை. கன விசயம் அப்பிடித்தான் அக்கா. முதல் மாசம் குளிரிலை கை நொந்தது, பிறகு விறைச்சுப் போச்சு, பிறகு நோ இல்லை.

— அப்ப ஐயான்ரை தந்தி கிடைச்ச அண்டைக்கும் முழுகேல்லையோ?

— இல்லை.

— என்னடா சொல்லுறாய்? தகப்பன் செத்த சேதி கேட்டிட்டு முழுகேல்லையோ?

— தந்தி வந்தது செவ்வாய்க்கிழமை. வீட்டுக்கார மனிசியிட்டைப் போய் இண்டைக்கு எனக்குக் குளிக்க வேணும் எண்டனான். ஏன் எண்டு கேட்டவ.

— சொல்லுறதுதானே, ஐயா மோசம் போட்டாரெண்டு.

— வாயிலை வரேல்லை. மேலெல்லாம் ஊத்தை எண்டு சொன்னன். மூண்டு நாளுக்குள்ளை என்ன ஊத்தை எண்டு சிரிச்சிட்டு, சனிக்கிழமை மட்டும் பொறுக்கச் சொன்னவ.

— நீயும் பொறுத்தனியோ?

— பொறுத்தனான். முழுகினாத்தானே சாவு எங்கடை வீட்டுச் சாவாகும். தந்தியை மடிச்சுக் கோட்டுப் பொக்கற்றுக்கை வைச்சன். சனிக்கிழமை மட்டும் ஐயா இருக்கிறார் எண்டு வைச்சன். புதன்கிழமை வகுப்புக்குப் போனன். வியாழக்கிழமை இறைச்சி தந்தவை, சாப்பிட்டன்.

— இஞ்சை நாங்கள் அடுப்பு மூட்டாமல் இருக்கேக்கை.

— ஓம். வெள்ளிக்கிழமை கூட்டாளியள் பைஸ்கோப்புக்குக் கூட்டிக்கொண்டு போனவை. பகிடிப் படம். சிரிச்சனான் அக்கா. பொய்யா இல்லை, வயிறு நோகச் சிரிச்சனான்.

— அப்ப சனிக்கிழமை?

— பெரிய தொட்டி ஒண்டு. அதுக்கை சுடுதண்ணியை விட்டிட்டுப் படுக்கிறது. ஊத்தையும் அதுக்கை, நாங்களும் அதுக்கை, குளத்து எருமை மாதிரி. தலைக்கு ஊத்த ஒண்டும் இல்லை. பால் சாடி ஒண்டு ஒளிச்சுக் கொண்டு போனனான். ரெண்டு சாடி ஊத்தினன், நிலத்திலை ஓடின தண்ணி கீழ் அறைக்கு ஒழுகியிட்டுது. மனிசி வந்து கதவிலை தட்டினவ. பாதி நனைஞ்ச தலையோடை எழும்பியிட்டன்.

— அழுதனியோ?

— இல்லை. கண்ணீர் வரேல்லை. இண்டைவரைக்கும் வரேல்லை.

— சரி, இப்ப முழுகு. முழுத்தலையும் முழுகு.

— முழுகினா அழுகை வருமோ?

— வராட்டிலும் முழுகு. உனக்காக இல்லை, எனக்காக முழுகு.

— உங்களுக்கென்ன அக்கா?

— அம்மா இன்னும் தாலி கழட்டேல்லை.

— என்ன?

— கழட்டேல்லை. பொட்டும் அழிக்கேல்லை. சித்தப்பா கொள்ளி வைச்சவர், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் செய்தவர். அம்மா எல்லாத்தையும் பாத்துக்கொண்டு தூணோடை சாய்ஞ்சு இருந்தவ. கொள்ளி வைக்க வேண்டியவன் வந்து எங்கடை கிணத்திலை முழுகட்டும், அண்டைக்கு நான் கழட்டுறன், அதுமட்டும் அந்த மனிசன் சாகேல்லை எண்டு ஒரே பிடி.

— நீங்கள் எனக்கு எழுதேல்லையே.

— எழுதி? படிப்பைப் பாதியிலை விட்டிட்டுக் கப்பலேறுவியோ? இந்த முள்ளியவளை ஊர்ச்சனம் எங்கடை வாசல் மிதிக்கிறதில்லை. இந்த வீட்டிலை ஒருத்தரும் தண்ணி வாங்கிக் குடிக்கிறேல்லை. கோயிலுக்குப் போனா அம்மாவைக் கண்டு விலத்துதுகள். பொட்டு வைச்சபடியாலை நல்ல காரியத்துக்கும் கூப்பிடேலாதாம், செத்தவீட்டுக்கும் கூப்பிடேலாதாம். என்ர பெட்டை இரஞ்சிதம் பெரியபிள்ளையாகியிட்டாள், வாற மாசம் சாமத்தியச் சடங்கு. ஆர் வருவினம்? எனக்கு இது முடிய வேணும் தம்பி. சொல்லப் பாவம்தான், எண்டாலும் முடிய வேணும்.

— நான் முழுகினா அம்மா கழட்டுவாவோ?

— வாக்குத் தந்திருக்கிறா. பின்னேரம் சின்னம்மா ஆக்களை வரச் சொல்லிப்போட்டன், வெள்ளைச் சீலையும் வாங்கியாச்சு. உன்ர தலை நனைய வேண்டியதுதான் மிச்சம்.

— வாளி பாரமா இருக்கு அக்கா.

— அந்த வாளிதான், முந்தி நீ இழுத்ததுதான்.

— நான் ஊத்தினா ஐயா செத்திடுவார் என்ன?

— அவர் செத்து ஏழு மாசம்.

— எனக்கு இல்லை. அம்மாவுக்கும் இல்லை.

— ஊத்து தம்பி. கண்ணை மூடிக்கொண்டு ஊத்து.

— நாகேசு, தம்பியை அவசரப்படுத்தாதை, கொஞ்சம் பொறு பிள்ளை.

— அம்மா, ஏன் குசினியாலை வெளியிலை வந்தனீங்கள்? அவன் இன்னும் முழுகேல்லை, அவனிலை தொடாதேங்கோ.

— தொடேல்லை. தள்ளித்தானே நிக்கிறன். மெலிஞ்சு போனாய் மோனை.

— அம்மா.

— நீங்கள் கதைச்சது எல்லாம் உள்ளுக்குக் கேட்டது. அந்த வெள்ளைக்கார மனிசி உனக்கு எத்தினை நாள் தந்தவ?

— நாலு நாள் அம்மா. செவ்வாயிலை இருந்து சனிமட்டும்.

— பகிடிப் படத்துக்கும் போனனி.

— ஓம் அம்மா. போனனான்.

— சிரிச்சது நல்லது மோனை. அந்த நாலு நாளும் ஐயா உன்னோடை இருந்திருக்கிறார். இஞ்சை எனக்கு ஒருத்தரும் அப்பிடித் தரேல்லை, நானாப் பிடிச்சு வைச்சிருந்தனான். எல்லாரோடையும் சண்டை பிடிச்சு.

— அம்மா, சின்னம்மா ஆக்கள் பின்னேரம் வருகினம். நீங்கள் வாக்குத் தந்தனீங்கள்.

— இல்லையெண்டு சொல்லேல்லையே நாகேசு. இண்டைக்கு என்ன கிழமை?

— செவ்வாய்.

— அப்ப வாளியை இறக்கி வை மோனை. எனக்கும் சனிக்கிழமை வரைக்கும் தா.