தறி ஓட்டி அடைத்த பல்

சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் பஸ் கிளம்பக் காத்திருந்தோம். முன் சீட்டில், மகனை மடியில் வைத்திருந்த பெண் பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்:

“தறி ஓட்டித்தான் இவன் பல்ல அடைச்சோம்.”

“என்னக்கா சொல்லுதீய?”

“ஆட்டிசம் பிள்ளைக்குச் சத்தமே ஆவாதுன்னு பல் டாக்டர் எங்கயோ படிச்சிருக்காரு. ஃபேன், ஏசி எல்லாத்தையும் அமத்திட்டாரு. இவன் தொண்ட கிழியக் கத்துதான்.”

“ஏன்?”

“விசைத்தறி வீட்டுப் பிள்ளைலா! சத்தம் நின்னாத்தான் இவனுக்குப் பயம். அவுக அப்பாவுக்கு போன் போட்டு, தறிய ஓட்டச் சொல்லி ஸ்பீக்கர்ல வச்சேன். ‘டடக் டடக்’னு கேட்டதும் வாயத் திறந்துட்டான்.”

“சொத்தைய அடைச்சாச்சா?”

“அடைச்சாச்சு. மிச்சப் பஞ்ச டாக்டர் தன் காதுல அடைச்சிக்கிட்டாரு.”