மாடத்தியின் கடைசிப் பக்கம்

என் கையெழுத்து நன்றாக இருக்கும். இதை நானாகச் சொல்லவில்லை. ரயில்வே ஆபீஸில் முப்பத்தாறு வருடம் என் கடிதங்களைப் படித்தவர்கள் சொன்னது. கடிதத்தில் இருந்த விஷயம் நன்றாக இருந்தது என்று ஒருவரும் சொன்னதில்லை. அது வேறு கதை.

பூங்கா வாசிப்புக் குழுவின் செயலாளர் ஜகந்நாதன், போன ஞாயிற்றுக்கிழமையும் அதற்குப் பிறகும் நடந்ததை எழுதிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார். "பஞ்சு மாமா, கதை விடப்படாது. நடந்தது மட்டும்தான் வேணும்," என்றார். எனக்கு எழுபத்தெட்டு வயது. இனிமேல் கதை விட்டு எனக்கு என்ன ஆகப்போகிறது? உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்.

மாதத்தின் முதல் ஞாயிறு காலை ஏழு மணிக்கு, பம்பாய் மாட்டுங்காவில் எங்கள் தெருப் பூங்காவில் ஒரு புது நாடகத்தை வாசிப்போம். மேடை கிடையாது, வேஷம் கிடையாது, மைக்குக்கு அனுமதி கிடையாது. நாலு பிளாஸ்டிக் நாற்காலி, நாலு பேர், கையில் தாள். எழுதியவர் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார். ஒரே ஒரு விதி: கடைசி வரி முடிந்து ஜகந்நாதன் மணி அடிக்கும்வரை எழுதியவர் வாய் திறக்கக் கூடாது. அதற்கப்புறம் கூட்டம் அவரைக் கிழிக்கும், அவரும் பதில் சொல்லலாம்.

வாசிக்கிற பிள்ளைகளுக்குத் தமிழ் பேச வரும், எழுத்து தெரியாது. எங்கள் ஹரிதா தமிழில் ஒரு பலகையைப் பார்த்தால் போனை எடுத்துப் படம்பிடித்து, அதனிடம் அர்த்தம் கேட்பாள். ஆகவே நாடகத்தைத் தமிழாகவே ஹிந்தி எழுத்தில் எழுதிக் கொடுக்க ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் நான். எழுதியவர்கள் என் பிரதியைப் பார்ப்பதில்லை. வாசிப்பவர்களுக்கு மூலத்தைப் பார்த்துப் பிரயோஜனம் இல்லை. நடுவில் இருப்பது நான் ஒருவன்.

குற்றம் என்னிடம் தொடங்கவில்லை. சிரிப்பு கிளப்பில் தொடங்கியது.

அதே பூங்காவில், அதே ஏழு மணிக்கு, மாமரத்தடியில் இருபத்திரண்டு ஓய்வுபெற்றவர்கள் இரண்டு கையையும் வானத்துக்குத் தூக்கிக்கொண்டு ஹோ ஹோ, ஹா ஹா என்று சிரிப்பார்கள். நுரையீரலுக்கு நல்லதாம். எங்கள் முதல் நாடகத்தில் ஒருத்தி புருஷன் பிணத்தின் மேல் விழுந்து அழ வேண்டும். "என்னைத் தனியா விட்டுட்டுப் போயிட்டேளே," என்று ஹரிதா வாசித்தாள். ஹோ ஹோ, ஹா ஹா என்றது மாமரத்தடி. "இனிமே எனக்கு யார் இருக்கா?" ஹோ ஹோ, ஹா ஹா. எழுதியவர் வடாலாக்காரர். அன்றைக்கு அழுதவர் அவர் ஒருவர்தான்.

நான் யோசித்தேன். சிரிப்பு எப்படியும் வரப்போகிறது. காரணமில்லாமல் வருகிறது, பாவம். அதற்கு ஒரு காரணத்தைக் கொடுத்தால் இரண்டு தரப்புக்கும் உபகாரம்.

அடுத்த மாத நாடகத்தில், நடுவழியில் நின்றுபோன மோனோரயிலுக்குள் இரண்டு பேர் வாழ்க்கையின் அர்த்தமின்மை பற்றி ஒரு மணி நேரம் பேசுகிறார்கள். நான் அதில் ஒரு கிளியை ஏற்றினேன். கூண்டோடு. எதற்கும் "அடுத்து செம்பூர்" என்று மட்டும் சொல்கிற கிளி. மொத்தம் ஆறு இடம்தான். ஆறாவது இடத்தில் பாதையில் ஓடிக்கொண்டிருந்த ஒருவர் ஓட்டத்தை நிறுத்திப் புல்லில் உட்கார்ந்துவிட்டார். மணி அடித்தது. எழுதியவர் எழுந்தார். நான் செருப்பை மாட்டிக்கொண்டேன். யாரோ கேட்டார்கள், அந்தக் கிளி எப்படித் தோன்றியது என்று. அவர் கொஞ்ச நேரம் மாமரத்தைப் பார்த்தார். "அது ஒரு குறியீடு," என்றார்.

அன்றைக்கு எனக்குப் பயம் போயிற்று.

இருபது மாதத்தில் செத்தவர்கள் மூன்று பேரை எழுப்பியிருக்கிறேன். ஒரு தற்கொலையை டீ ஆறிவிடும் என்று தள்ளிப்போட்டேன். ஒரு புரட்சி, தலைவனுக்குச் செருப்பு தொலைந்ததால் நின்றது. ஒருவரும் புகார் செய்யவில்லை. கைதட்டலை வேண்டாம் என்று சொன்ன எழுத்தாளரை நான் இன்னும் பார்க்கவில்லை. சிரிப்பு கிளப்பும் மாதத்துக்குப் பத்தடி நகர்ந்து வந்தது: மாமரத்திலிருந்து பெஞ்சுக்கு, பெஞ்சிலிருந்து குழாயடிக்கு, கடைசியில் எங்கள் நாற்காலிகளுக்கே. அவர்களில் ஒருவருக்கு ரத்த அழுத்தம் நாற்பது புள்ளி இறங்கி, டாக்டர் அவரிடம் எந்த மாத்திரை என்று விசாரித்ததாகக் கேள்வி.

பிறகு மாடத்தி வந்தாள். பக்கத்து லேபர் கேம்ப் குடியிருப்பில் தையல் கடை. ஐம்பது வயது. ஊரில் எட்டாவது வரை படித்தவள். ஒரு ஜாக்கெட்டுக்கும் அடுத்த ஜாக்கெட்டுக்கும் நடுவே எழுதிய நாடகத்தைப் பள்ளிக்கூட நோட்டில் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தாள்.

"ஐயா, மத்ததுல எங்கயும் கை வச்சுக்கிடுங்க. கடைசிப் பக்கத்துல மட்டும் ஒரு சொல்லு மாறப்படாது. எங்க அண்ணன் கேக்க வாராவ."

"அண்ணா வந்தா என்ன?"

"பதினோரு வருசமாப் பேச்சில்ல. எம்மக கல்யாணத்துல தாய்மாமனுக்குப் போட வேண்டிய முத மாலைய, அந்த அவசரத்துல மாப்பிள்ளைக்குச் சித்தப்பா கழுத்துல போட்டுட்டேன். அண்ணன் பந்தியில கை நனைக்காம எந்திரிச்சுப் போயிட்டாவ. நேர்ல சொல்லப் போனா கடை ஷட்டர இழுத்துருதாவ. நாடகம்னா வாரேன்னு சொல்லிவிட்டிருக்காவ. அதான் அதுல வச்சிருக்கேன்."

அண்ணன் பெயர் இசக்கிமுத்து. தாராவியில் மளிகைக் கடை. எட்டு வயதில் மாமாவோடு பம்பாய்க்கு வந்தவர், தமிழ் எழுத்து தெரியாது. காதால் கேட்டால்தான் உண்டு.

கடைசிப் பக்கத்தைப் படித்தேன். தங்கை சொல்கிறாள்: "அண்ணே, அன்னைக்கு மாலைய மாத்திப் போட்டது இந்தக் கை. பதினோரு வருசமா இந்தக் கை போடுத தையல் எல்லாம் கோணலாத்தான் விழுது. ஒருநா வீட்டுக்கு வந்து ஒரு வாய் சாப்பிடுங்க. அப்பத்தான் எம்மக கல்யாணம் முடியும்."

நன்றாகவே இருந்தது. மூக்குக் கண்ணாடியைத் துடைக்க வேண்டியிருந்தது. ஆனால் பக்கம் முழுக்க ஒரு சிரிப்பு கூட இல்லை. அறுபது பேர் காலையில் குளித்து, நம்பி வருகிறார்கள்.

நான் ஹிந்தி எழுத்தில் இப்படி எழுதினேன்: "அண்ணே, மாலைய நான் மாத்திப் போடலை. நீங்க போட்டிருந்த மஞ்சச் சட்டையப் பாத்து, பந்தல்ல கட்டின துணின்னு நினைச்சுட்டேன். பந்தலுக்கு யாராவது மாலை போடுவாளா?" அதன்கீழே இன்னும் ஏழு வரி. மஞ்சள் சட்டை என் கற்பனை இல்லை. அவள் நாடகத்தின் முதல் காட்சியிலேயே இருந்தது. தெரிந்துதான் செய்தேன். அவள் சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அது இருந்ததால்தான் எழுதும்போது கை இன்னும் உற்சாகமாக ஓடியது. இதையும் சேர்த்துக்கொள்ளவும்.

ஞாயிற்றுக்கிழமை இசக்கிமுத்து வந்தார். அதே மஞ்சள் சட்டை. பதினோரு வருடத்தில் வயிறு வளர்ந்திருந்தது, சட்டை வளரவில்லை; பித்தான்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தன. தங்கைக்காகத்தான் தேடிப்பிடித்துப் போட்டுக்கொண்டு வந்திருக்க வேண்டும்.

ஹரிதா மனம் வைத்து வாசித்தாள். பந்தல் துணி வந்ததும் காக்கைகள் மரத்தை விட்டுப் பறந்தன. சிரிப்பு கிளப்பில் ஒருவர் பல்செட்டைக் கையில் பிடித்துக்கொண்டார். தாராவிப் பையன் ஜெபஸ்டின் அண்ணன் வேஷத்தை வாசித்துக்கொண்டிருந்தான். அவனால் தன் அடுத்த வரியைச் சொல்ல முடியவில்லை. இசக்கிமுத்துவும் சிரித்தார். எல்லாரையும்விடப் பலமாகச் சிரித்தார். அப்புறம் குனிந்து தன் சட்டையைப் பார்த்தார்.

எழுந்தார். யாரையும் பார்க்காமல் ஒரு கும்பிடு போட்டார். கேட்டைத் திறந்து வெளியே போனார்.

மாடத்தி முன்வரிசையில் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இன்னும் என் ஏழு வரி பாக்கி இருந்தது. மணி அடிக்கவில்லை. விதிக்கு இவ்வளவு கட்டுப்பட்ட ஒரு எழுத்தாளரை நான் பார்த்ததில்லை. மணி அடித்ததும் ஓடினாள். தெருவில் ஆட்டோ திரும்பிவிட்டது.

மறுநாள் ஜெபஸ்டின் என் வீட்டுக்கு வந்தான்.

"தாத்தா, நீங்க எழுதினத மாடத்தி அக்காவுக்கு முழுசா வாசிச்சுக் காட்டிட்டேன். அவுக எழுதினது அது இல்லையாமே."

"இல்லை."

"ஏன் தாத்தா?"

"நீயும்தானே சிரிச்சே."

"சிரிச்சேன். அதுக்கு அண்ணாச்சி என்ன செய்வாரு? அவுக குடும்பத்துல யாரு போனாலும் ஷட்டருதான். நீங்களே போயி அந்தப் பக்கத்த அவருகிட்ட வாசிச்சிருங்க."

நியாயம்தான். செவ்வாய்க்கிழமை காலை அவள் நோட்டிலிருந்து கடைசிப் பக்கத்தைக் கிழித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தாராவிக்குப் போனேன். கடையில் ஐந்து பேர் சாமான் வாங்க நின்றார்கள். பந்தல் துணி என்னுடையது, மாடத்திக்குத் தெரியாது என்று ஒளிக்காமல் சொன்னேன். இசக்கிமுத்து பருப்பு அள்ளியபடியே கேட்டார்.

"அப்ப அவ என்னதான் எழுதியிருக்கா அய்யரே? வாசியும்."

முதல் வரியை உள்ளபடியே வாசித்தேன். தயவுசெய்து இதைக் குறித்துக்கொள்ளுங்கள். "அண்ணே, அன்னைக்கு மாலைய மாத்திப் போட்டது இந்தக் கை." அவர் பருப்புக் கரண்டியைக் கீழே வைத்தார். கண் நிறைந்துவிட்டது. "கழுத," என்றார். "சின்னதுலேர்ந்தே அவசரம் அவளுக்கு." மேலே வாசிக்கும்படி தலையை ஆட்டினார்.

பின்னால் ஐந்து பேரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். பூங்காவில் நான் எப்போதும் கடைசி வரிசை. என்னைப் பார்த்துக்கொண்டு ஒரு கூட்டம் இதுவரை நின்றதில்லை. இதை எப்படி விளக்குவது என்று தெரியவில்லை.

"பதினோரு வருசமா இந்தக் கை தைக்கிற சட்டையெல்லாம் யாருக்கும் சேரலை அண்ணே," என்று வாசித்தேன். "உங்க வயித்துக்கு மட்டும்தான் அளவா வருது."

பருப்புக்கு நின்ற அம்மாள்தான் முதலில் சிரித்தாள். பிறகு ஐந்து பேரும். இசக்கிமுத்து ஷட்டரை இழுத்தார். அந்தச் சத்தத்திலும் சிரிப்பு தெளிவாகக் கேட்டது.

மாடத்தியிடம் வேறு நகல் இல்லையாம். திரும்ப எழுத உட்கார்ந்தாள், ஒரு வரியும் வரவில்லையாம். அந்தப் பக்கத்தையாவது திருப்பிக் கொடுக்கச் சொல்கிறாள் என்று ஜகந்நாதன் சொன்னார். இத்துடன் இணைத்திருக்கிறேன். திரும்பி வருகிற பஸ்ஸில் மூன்றாவது வரிக்கு ஒன்று தோன்றியது, அதிலிருந்து நாலாவதற்கும். மறந்துவிடக் கூடாதே என்று அங்கேயே எழுதினேன். தாளில் காலி இடம் இல்லாததால் அவள் எழுத்தின் மேலேயே எழுத வேண்டியதாயிற்று. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் அவளுடைய சொற்கள் இரண்டொன்று இப்போதும் தெரியும். மீதியும் வேண்டுமென்றால் அவளைச் சிரமப்படுத்த வேண்டாம். எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது, நானே எழுதித் தருகிறேன்.